முகாமோடு முடிந்துவிடுகிறதா காலிபர்?

போலியோவால் கால் வலுவிழந்தவர்களுக்கு முகாம் நடத்திக் காலிபர் என்னும் கால் தாங்கு கருவியை வழங்கும் அரசு, வழங்கிய கருவியைப் பழுது பார்த்துத் தரும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைப் பொறுத்தவரை, அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் இதற்கென ஒரு சிறு பட்டறையும், காலிபர் செய்து பொருத்தத் தெரிந்த தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரும் நிரந்தரமாக இருப்பதே அதற்கு வழி.

முழங்காலை நிமிர்த்திப் பிடிப்பது தொடையின் முன்புறத் தசை. அது செயலிழந்தால், உடல் எடை காலில் இறங்கும் கணத்திலேயே முழங்கால் மடிந்து ஆள் விழுந்துவிடுவார் என்பதால்தான், பலர் ஒரு கையால் தொடையை அழுத்தி ஊன்றியபடி நடக்கின்றனர். பூட்டுள்ள காலிபர் அந்தக் கையின் வேலையை ஏற்றுக்கொள்கிறது. தொடையிலிருந்து பாதம் வரை இருபுறமும் இறங்கும் உலோகப் பட்டைகளில், முழங்கால் மடியும் இடத்தில் ஒவ்வொரு வளையம் இருக்கும். காலை நிமிர்த்தியதும் அது கீழிறங்கி மூட்டைப் பூட்டும், உட்காரும்போது இரு வளையங்களையும் விரலால் மேலே தூக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் துணி ‘நீ கேப்’ மூட்டுத் தேய்மானக்காரர்களுக்குச் சற்று இதம் தருமே தவிர, மடியும் காலைத் தாங்காது.

இவ்வளவு எளிய பூட்டுதான் இந்த மண்ணில் எளிதில் கெடுகிறது. மழைக்குப் பின் கரிசல் மண் அப்பிக் காய்ந்தால் வளையம் முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும். பூட்டாத பூட்டைக் காட்டிலும் பாதி விழுந்த பூட்டே ஆபத்தானது, ஏனெனில் அணிந்தவர் அதை நம்பிக் காலை ஊன்றிவிடுவார். கோடை வியர்வையில் தோல்வார் விறைத்து வெடிக்கும். அருப்புக்கோட்டையின் குழித்தறியில் அமர்வதற்குக் காலை மடக்கிக் குழிக்குள் இறக்கியாக வேண்டும் என்பதால், நெசவாளர் எழும்போதும் அமரும்போதும் பூட்டைத் திறந்து மூட, திருகாணிகள் விரைவில் தளர்கின்றன. வெல்டிங் பட்டறைக்காரர் ஒடிந்த பட்டையை ஒட்டித் தந்துவிடுவார். ஆனால் கருவியின் மூட்டும் உடலின் மூட்டும் ஒரே மட்டத்தில் அமையாவிட்டால், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் பட்டை தொடையில் உரசிப் புண்ணாகும்.

மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதலும், கான்பூரில் இவற்றைத் தயாரிக்கும் அலிம்கோ நிறுவனம் 1972 முதலும் இருந்துவருகின்றன. ஒரு முகாமில் அளவெடுத்து மற்றொரு முகாமில் வழங்குவதும், பெரியவர்களுக்கு அதே உதவியை மூன்று ஆண்டுகள் கழித்தே மீண்டும் தருவதும் அத்திட்டத்தின் நடைமுறை. திருகாணியோ மூன்று ஆண்டுகள் காத்திருப்பதில்லை. ஊரகப் பகுதிகளில் அருகிலேயே இலவச மருத்துவ வசதி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு கூறும்போது, ஒரு வளையத்தை மாற்றுவதற்காகத் திருச்சுழிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்குப் பேருந்து ஏறுவது அச்சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்ததாகாது.

போலியோவே ஒழிந்துவிட்ட பிறகு பட்டறை எதற்கு என்று நிதித்துறை கேட்கக்கூடும். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானது உண்மை. ஆயினும் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இன்று நடுவயதிலும் முதுமையிலும் இருக்கின்றனர். நோய் கண்டு பல பத்தாண்டுகளுக்குப் பின் தசைகள் புதிதாக வலுவிழக்கும் ‘போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி’ அவர்களில் சிலரைத் தாக்குவதால், இளமையில் காலிபரைக் கழற்றி எறிந்தவருக்கும் அது மீண்டும் தேவைப்படலாம். தண்டுவடக் காயம், தசைச்சிதைவு என்று வேறு காரணங்களும் உண்டு. அதே வேளையில், தேவையற்றவருக்குப் பூட்டிய காலிபரை மாட்டினால், மடங்காத காலை இடுப்பால் தூக்கித் தூக்கி நடந்து அவர் விரைவில் களைத்துப்போவார். ஆகவே யாருக்கு எந்த வகை என்பதை நடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், அது முகாமின் நெரிசலில் நடக்கிற காரியமன்று. காலை ஊன்றும்போது மட்டும் பூட்டிக்கொண்டு, தூக்கும்போது மடிய விடும் புதிய வகைக் கருவிகள் விலை மிகுந்தவை. இளம் வயதினருக்கேனும் அவற்றைப் பொருத்திப் பார்க்க மாநில அரசு முன்வரலாம்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்கின்றனர். பூட்டு முழுதாக விழுகிறதா, தோல்வார் வெடித்திருக்கிறதா, தொடையில் புண் இருக்கிறதா என்று பார்த்துப் பட்டறைக்கு எழுதி அனுப்பும் பணியை அவர்களிடம் ஒப்படைத்து, வளையம், திருகாணி, தோல்வார் ஆகியவற்றை இருப்பில் வைத்து, வாரம் ஒரு நாள் அந்த வல்லுநரைத் திருச்சுழி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான ஆணையை மாவட்ட நிர்வாகம் அடுத்த முகாமுக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும்.