வாசலில் நிற்கும் கரும்பு

சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் போகும் நாலுவழிச் சாலையை 2025 ஜூலை 26-ல் பிரதமர் தூத்துக்குடி விழாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 50 கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பயணத்தில் 45 நிமிடம் மிச்சம் என்றார்கள். அந்தச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிடும்.

பல வருஷத்துக்கு முன், வெளியூர் ஆலை ஒன்றின் வாசலில் ஒரு பகலும் ஓர் இரவும் அவர் வண்டியோடு நின்றார். வந்து சேர்ந்த நேரத்தைத் தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். எடைமேடையில் அதை எடுத்து நீட்டியபோது, "நீங்களே எழுதிக்கிட்டு வந்தா நாங்க என்னங்க பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது பாலபாடம். நிற்க நிற்க நீர் வற்றி எடை குறையும். உள்ளிருக்கும் சர்க்கரையும் சிதைந்து, கட்டியாக உறையாத சர்க்கரையாக மாறும். ஆலைக்கும் நஷ்டம்தான். ஆனால் காசு எடைமேடையில் ஏறும் எடைக்குத்தான் என்பதால், வாசலில் வற்றிய எடை முழுக்க விவசாயி தலையில் விழுகிறது.

நின்ற நேரத்தைக் கருவியே குறித்து வைக்க முடியாதா? காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் ஆர்எஃப்ஐடி டேக். அதற்குள் பேட்டரி கிடையாது. பொடிச் சில்லு ஒன்றும் மெல்லிய ஆன்டெனாவும்தான். டோல்கேட்டில் இருக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்து, அதே அலையில் தன் எண்ணைத் திருப்பி அனுப்பிவிடும். 2021 பிப்ரவரியில் இது கட்டாயமானது. அந்த மே மாதமே, எவ்வளவு நெரிசலானாலும் ஒரு வண்டிக்கு 10 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. கன்டெய்னர்களுக்கும் இதே நுட்பம் உண்டு. நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் 2016-ல் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வந்தது. கன்டெய்னர் எண்ணைத் தட்டினால் எந்த வாசலை எப்போது தாண்டியது என்று தெரிந்துவிடும்.

கெட்டுப்போகாத இரும்புப் பெட்டிக்கு இத்தனை கடிகாரம். மணிக்கு மணி கெடும் கரும்புக்கோ நான் பார்த்தவரை ஒன்றுமில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கரும்பை வெட்டச் சொல்லி ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்கும்போதே வண்டிக்கு ஒரு டேக் கொடுக்கட்டும். ஆலை வாசலில் ஒரு கருவி, எடைமேடையில் ஒரு கருவி. எடைச்சீட்டில் எடையோடு இரண்டு நேரமும் அச்சாகி வரட்டும். நின்றது இத்தனை மணி என்பது ஆலையின் சீட்டிலேயே இருந்தால், வற்றிய எடைக்கு ஈடு கேட்க விவசாயிக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. டேக்கின் ரேடியோ அலைக்குத் தண்ணீரும் இரும்பும் ஆகாது. கரும்போ பெரும்பகுதி தண்ணீர். டிரெய்லரோ முழுக்க இரும்பு. சாதா டேக்கை இரும்பில் ஒட்டினால் கருவிக்குச் சரியாகத் தெரியாது. அதற்கென்றே பீங்கான் அடித்தளத்தில் செய்த டேக்குகள் வந்துவிட்டன. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் நமக்குப் பக்கத்து ஊர். செராமிக் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேரை அழைத்து, வரும் அரவைக்கு ஒரே ஓர் ஆலை வாசலில், பத்து டிரெய்லரில் மாட்டிப் பார்க்கலாமே.