பெரியாச்சி முன்னால் யாரைத் தடுக்கப் போறீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. தயவுசெய்து முழுசா படிங்க.

15, 16 வயசுப் பொண்ணு கர்ப்பம்னு தெரிஞ்சா நம்ம கோவில் வட்டாரத்தில் மூணு பேச்சு வருது. "சமய வகுப்பிலிருந்து பேரை எடுத்துடுங்க." "மத்த பிள்ளைங்க கெட்டுப் போயிடும்." "சத்தமில்லாம ஒரு தாலியைக் கட்டி முடிச்சிடலாம்." எந்தக் கோவில், யார் வீட்டுப் பிள்ளைன்னு கமெண்டில் கேட்காதீங்க. இது ஒரு கோவில் கதை இல்லை.

முதலில் அந்தத் தாலி. 1976 திருமணச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமண வயது 18. 16 முடிந்த பெண்ணுக்கு மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரின் அனுமதி வேண்டும். 16க்குக் கீழே என்றால் வழியே இல்லை. அதோட, 16 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாலும் அது தண்டனைச் சட்டத்தில் பாலியல் வல்லுறவு. அப்போ நீங்க கட்டச் சொல்ற தாலி யாரைக் காப்பாத்துது? பிள்ளையையா, குற்றம் செய்தவனையா? தெரிஞ்சும் புகார் கொடுக்காம இருப்பது 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் தனிக் குற்றம். அபராதம் 5,000 வெள்ளி வரை. நிர்வாகத்தில் இருக்கிறவங்க கவனிங்க.

இன்னொண்ணு. பொண்ணு பேரை எடுக்கச் சொன்னவங்க யாராவது பையன் பேரை எடுக்கச் சொன்னாங்களா? அவன் தைப்பூசத்துக்கு உருமி அடிச்சிக்கிட்டுத்தான் இருப்பான்.

இளம் தாய்மார்களைப் பற்றித் தாதியர்கள் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: இந்தப் பிள்ளைங்க கிளினிக்குக்குத் தாமதமா வர்றாங்க. வெட்கம், பயம், ஊர் பேச்சு. 10 முதல் 19 வயசுக்குள் தாயாகிறவங்களுக்கு, 20 முதல் 24 வயசுப் பெண்களைவிட பிரசவ வலிப்பும் கருப்பைத் தொற்றும் வரும் ஆபத்து அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தை எடை குறைவாகவும், மாசம் முடியும் முன்னாடியும் பிறக்கலாம். சீக்கிரம் போனால்தான் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மருந்து கொடுக்க முடியும். நம்ம பேச்சு அந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே அடைச்சு வைக்குது.

பகடிவதையும் அப்படித்தான். "கருப்பி", "குண்டு"ன்னு பள்ளியில் தினமும் கேலி செய்யறாங்கன்னு பிள்ளை அழுதா, "நாங்க வாங்காத அடியா"ன்னு வாயை அடைக்கிறோம். 2022 தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களில் நாலில் ஒருத்தருக்கு மனச்சோர்வு. பத்தில் ஒருத்தர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறார். நம்ம சமய வகுப்பில் 40 பிள்ளைங்க உட்கார்ந்தா, நீங்களே கணக்குப் போடுங்க.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சின்ன விபத்தை வந்து சொன்ன ஆளைத் திட்டினா, அடுத்த தடவை அவன் மறைப்பான். மறைச்சா ஒருநாள் மெஷினில் கை போகும். பிள்ளைங்களும் அப்படித்தான். முதல் தடவை சொல்லும்போது நாம எப்படிக் கேட்கிறோமோ, அதை வைத்துத்தான் இரண்டாவது தடவை சொல்வாங்க.

"அப்போ தப்பை ஆதரிக்கிறியா?"ன்னு கேட்பீங்க. இல்லை. ஒழுக்கம் சொல்லிக் கொடுங்க, நல்லா சொல்லிக் கொடுங்க. ஆனா விழுந்த பிள்ளையை மிதிக்கிறதுக்குப் பேர் ஒழுக்கம் இல்லை. பெற்ற தாய் வர முடியாதபோது தானே தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் திருச்சி தாயுமானவர். நம்ம நாட்டுக் கோவில்களில் பிறந்த குழந்தையை முதலில் பெரியாச்சி மடியில்தான் கொண்டுபோய்ப் போடுறோம். அவள் பதிவுச் சான்றிதழ் கேட்டதில்லை.

நான் கேட்பது மூணுதான். வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளை பேரையும் எடுக்காதீங்க. மகளிர் பிரிவில் விஷயத்தை வெளியே விடாத இரண்டு அம்மாமார்களை நியமிங்க. கிளினிக்கானாலும் போலீஸானாலும் பள்ளியானாலும் அவங்க கூடவே போகட்டும். உபயப் பட்டியல் ஒட்டுற பலகையில் தாலியான் காசே 15999 எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்க. அது 24 மணி நேரமும் இயங்குது.

கோபம் வந்தா நேரில் வாங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில்தான் இருப்பேன்.

ஓம் சக்தி.