பத்தாவது தேறியவனும் படிக்காத தாள்

இந்திய அரசாங்கம் தன் பிரஜைகளைக் கற்றவர், கல்லாதவர் என்று எழுத்து மூலமாகவே இரண்டு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது கடவுச்சீட்டுதான். பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றை உள்ளிட்ட 18 நாடுகளுள் ஒன்றுக்கு வேலைக்குச் செல்ல விரும்பினால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பொதுவாக அதிகாரியின் அனுமதி பெற்றே விமானம் ஏற வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஊர்ப்பேச்சில் முன்னவரின் கடவுச்சீட்டை ‘ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்’ என்றும், பின்னவருடையதைச் சற்றே பெருமிதத்தோடு ‘ஈ.சி.என்.ஆர்.’ என்றும் சொல்வார்கள். 2018 ஜனவரியில், முதல் வகையினரின் கடவுச்சீட்டுக்குச் செம்மஞ்சள் நிற அட்டை போடப்படும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஏழைகளின் நெற்றியில் முத்திரை குத்துவதற்கு ஒப்பான காரியம் இது என்று நாலா திசைகளிலிருந்தும் ஆட்சேபம் கிளம்பவே, அந்த மாதம் முடிவதற்குள் யோசனை கைவிடப்பட்டது. நிறம் போயிற்றே தவிர, அதன் பின்னால் இருந்த அனுமானம் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லவன், உட்காராதவன் வல்லவனல்லன் என்பதே அந்த அனுமானம். இதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் வளைகுடா நாடுகளில் ஒரு தொழிலாளியின் ஜீவனத்தை நிர்ணயிக்கின்ற எழுத்து, பள்ளிக்கூடம் கற்பித்த எழுத்து அன்று. அங்கே வேண்டியிருப்பது வேறொரு வித்தை. அது பத்தாவது தேறியவனிடமும் இல்லை, தேறாதவனிடமும் இல்லை. பல சமயங்களில் பட்டதாரியிடமும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். அமீரகத்தில் 2016ஆம் ஆண்டு தொடங்கி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வேலைக்கு அழைக்கப்படுபவருக்கு அவர் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே ‘ஆஃபர் லெட்டர்’ என்னும் நியமனத் தாள் தரப்பட வேண்டும். அது அரபியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளி அறிந்த மூன்றாவது மொழி ஒன்றிலும் இருக்க வேண்டும். அந்த மூன்றாவது மொழிகளின் வரிசையில் தமிழும் உண்டு. தாய்மொழியில் ஒரு தாள் வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்தத் தாளில் சம்பளம் ஒரே தொகையாக இராது. அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, இருப்பிடப் படி இவ்வளவு, போக்குவரத்துப் படி இவ்வளவு என்று கூறு கூறாகப் பிரிந்திருக்கும். ஏஜெண்டு ‘மொத்தம் ஆயிரத்தைந்நூறு’ என்று வாயால் சொல்லியிருப்பார். தாளின் அடியிலும் 1,500 திர்ஹம் என்றே இருக்கும். நம்மவர் அந்தக் கடைசி வரியைப் பார்த்துத் திருப்தியடைந்து கையெழுத்திடுவார்.

அவருடைய அடிப்படைச் சம்பளம் 600 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையை அமீரகச் சட்டம், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் ஊதியம் என்று கணக்கிடச் சொல்கிறது. அந்த ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம் மாத்திரமே. ஆக, ஐந்து வருஷம் உழைத்தவருக்கு 105 நாள் ஊதியமாக 2,100 திர்ஹம் வரும். அதே 1,500 திர்ஹம் சம்பளத்தில் அடிப்படை 1,000 என்று எழுதப்பட்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர் 3,500 பெறுவார். இருவரும் ஒரே வெயிலில் ஒரே சாரத்தில் நின்றவர்கள். மாதந்தோறும் ஒரே தொகையை ஊருக்கு அனுப்பியவர்கள். ஓவர்டைம் கணக்கும் இந்த அடிப்படையின் மேல்தான் ஏறுகிறது. இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஏழாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஆனால் எதை எதனால் பெருக்க வேண்டும் என்பதை எந்த வகுப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் அங்கேயே உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மத்தியானம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் இருபது ஆண்டுகளாக ஒரு விதி இருந்து வருகிறது. இந்த விதியை அறியாத கட்டடத் தொழிலாளி ஒருவரும் இல்லை. கைநாட்டு வைப்பவருக்கும் அது தெரியும், ஒரு நிமிஷம் பிசகாமல் தெரியும். எழுத்து வாசனையே இன்றி ஒரு சட்டம் எல்லார் நெஞ்சிலும் பதிந்துவிட்டது எப்படி? அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில், எல்லார் கண்ணெதிரிலும் நடப்பதால்தான். பணிக்கொடையோ தனித்தனி ஆளுக்குத் தனித்தனித் தாளில், ஐந்து வருஷம் கழித்து நடப்பது. கூட்டமாக அனுபவிக்கும் உரிமைக்கு எழுத்து அவசியமில்லை. தனியாக நின்று கேட்டுப் பெற வேண்டிய உரிமைக்கு அதுவே முதல் ஆயுதம்.

எழுத்தறிவு ஒன்றல்ல, பல என்பதற்கு ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரையை விடச் சிறந்த சாட்சியம் தமிழ்நாட்டில் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஒரு பிள்ளை தமிழ் அரிச்சுவடி படிக்கும் வயதிலேயே மதரஸாவில் அரபி எழுத்தும் படிக்கிறது. குர்ஆனை முதலிலிருந்து கடைசிவரை ஓதி முடிக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து துபாய்க்குப் போனால், எங்கு திரும்பினாலும் தான் அறிந்த எழுத்துகளே கடைப்பலகையிலும் தெருப்பலகையிலும் வரவேற்பதைக் கண்டு மகிழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. மதரஸாவில் பயின்ற எழுத்துக்கு ஜபர், ஜேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகள் மேலும் கீழும் துணை நிற்கும். அலுவலகத் தாளிலோ செய்தித்தாளிலோ அந்தக் குறிகள் இரா. ஆயிரம் முறை ஓதிய நாவும் வெறும் மெய்யெழுத்துகளின் முன்னே தடுமாறுகிறது. தட்டுத்தடுமாறி ஒலித்துவிட்டாலும் பொருள் விளங்குவதில்லை. பொருள் விளங்காமல் ஓதுவதில் பக்திக்குக் குறைவொன்றுமில்லை. வேலை ஒப்பந்தம் மாத்திரம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அரபிப் பிரதிக்கும் பிறமொழிப் பிரதிக்கும் முரண் ஏற்பட்டால் அரபியே செல்லும் என்பது அமீரகத்து நியாயம்.

இந்தச் சிக்கலை அதே கடற்கரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவாறு தீர்த்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். அரபி எழுத்துகளுக்குக் கூடுதலாகப் புள்ளிகளும் கோடுகளும் இட்டு, தமிழ் ஒலிகளுக்கு இடம் செய்து, தமிழ் மொழியையே அரபி லிபியில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கி ‘மகானீ’ என்ற நூலை இந்த லிபியில் இயற்றினார். மக்களுக்குப் பழகிய எழுத்து அரபி, விளங்கிய மொழி தமிழ்; இரண்டையும் இணைத்து, சட்டத்தை வீட்டுப் பெண்கள் தாமே வாசித்துத் தெளியும்படி அடுப்படிவரை கொண்டுவந்தது அந்த முயற்சி. சட்டத்தை அறியாதது ஜனங்களின் குற்றம் என்று அவர் கையை விரிக்கவில்லை. அதை அவர்கள் கைக்கு எட்டச் செய்வது கற்றவன் கடமை என்று கருதியிருக்கிறார். நியமனத் தாளின் தமிழ்ப் பத்தியை எழுதுகிறவர்கள் அந்தச் சிரத்தையில் காலணா அளவு காட்டினாலும் புண்ணியம்.

இன்னும் பின்னோக்கிப் போனால், ஓமானில் ஸலாலாவுக்கு அருகிலுள்ள கோர் ரோரி என்னும் பழைய துறைமுகத்தில், ‘ணந்தை கீரன்’ என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த ஓட்டுச் சில்லு ஒன்று அகழ்வாராய்ச்சியில் கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணித்திருக்கிறார்கள். அவர் வணிகராக இருந்திருப்பார் என்பது ஊகம். அந்த ஊகம் சரியானால், அரபிக் கரையில் முதன்முதலாகக் காணும் தமிழன் தன் பெயரைத் தன் பண்டத்தின்மேல் தானே எழுதியவன். இன்றைய தமிழனோ பிறர் எழுதிய தாளின் அடியில் தன் பெயரை எழுதுகிறான். நிற்க.

கண்ணால் கற்பதற்கு இத்தனை இடையூறு இருக்க, காதால் கற்பதில் நம்மவர்களின் சாமர்த்தியம் அபாரமானது. லேபர் கேம்ப்பில் ஆறு மாதம் இருந்தவர் இந்தியும் மலையாளமும் பேசுகிறார். அர்பாப் (முதலாளி), கஃபீல் (ஸ்பான்சர்), இக்காமா (வசிப்பு அனுமதி), பத்தாக்கா (அடையாள அட்டை) என்று அரபிச் சொற்களைத் தமிழ்ச் சொற்களைப்போல் வேற்றுமை உருபு சேர்த்துக் கையாளுகிறார். மேடைக்கு மேடை இந்தி வேண்டும், வேண்டாம் என்று நாம் இங்கே வாதிட்டுக்கொண்டிருக்க, அங்கே ஒரு தஞ்சாவூர்க்காரர் பெஷாவர்க்காரரோடு அந்த மொழியில் உருளைக்கிழங்கு பேரம் பேசுகிறார். ஆனால் அதில் ஓர் எழுத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது. 2019 பிப்ரவரியில் அபுதாபி நீதித்துறை, தொழிலாளர் வழக்குகளில் அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்தபடியாக இந்தியையும் அங்கீகரித்தபோது, இந்தியர் அனைவருக்கும் கதவு திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. இந்தியைக் காதால் மாத்திரம் அறிந்த தமிழ்த் தொழிலாளிக்கு அந்தப் படிவம் அரபியைப்போலவே இன்னொரு புரியாத தாள்தான். துபாயில் வாகனம் ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும்; மனமிருந்தால் மார்க்கம் இருக்கிறது.

படிக்கத் தெரியாதவனுக்காகப் படித்துச் சொல்லும் உத்தியோகம் ஒன்று வளைகுடாவில் ஸ்தாபனமாகவே வளர்ந்திருக்கிறது. ‘டைப்பிங் சென்டர்’ என்ற பலகையின் கீழ் ஒரு மேஜை, ஒரு கணினி, ஓயாமல் இயங்கும் ஒரு பிரிண்டர். எதிரே நெகிழியுறையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நிற்கும் வரிசை. பண்டைய ஊர்க்கணக்கரின் ஸ்தானத்தில் இன்று இருப்பவர் அங்கே தட்டச்சு செய்பவர். அவர் பெரும்பாலும் நல்லவர். ஆயினும் அவருக்கு நேரம் இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டுவது அவருடைய கட்டணத்தில் அடங்காது. ‘இங்கே சைன் பண்ணுங்கள்’ என்று விரல் வைத்துக் காட்டுவதோடு அவர் கடமை தீர்ந்தது.

அந்த மேஜையும் இப்போது கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை பெறுபவருக்கு மாதம் 5 திர்ஹம்தான் சந்தா. தொகை அற்பம், திட்டமும் நல்ல திட்டம். ஆனால் அதில் சேர வேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு அன்று, தொழிலாளிக்கு. சேரத் தவறினால் 400 திர்ஹம் அபராதம். சம்பள அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் அறைத்தோழனிடம் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்லும் ஒருவரை, தாமே செயலியைத் தரவிறக்கி, அடையாள எண்ணைப் பதித்து, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு உறுதிசெய்யும்படி ஒரு சட்டம் எதிர்பார்க்கிறது. எந்த எண்ணை யாரிடம் சொல்லலாம், எதை யாரிடமும் சொல்லலாகாது என்ற பேதம் அறியாதவரிடம் அதே கைப்பேசியில் மோசடிக்காரனும் ஓ.டி.பி. கேட்கிறான். ஒரு காலத்தில் எழுதத் தெரியாதவர்கள் ஊருக்குக் காஸெட்டில் பேசிப் பதிந்து அனுப்பினார்கள்; இன்று வாட்ஸ்அப்பில் குரலை அனுப்புகிறார்கள். பாசத்துக்கு எழுத்து தேவைப்படாத காலம் வந்துவிட்டது. பணத்துக்கும் வழக்குக்கும் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இவ்வளவும் சொல்லும்போது, குற்றம் முழுவதையும் தொழிலாளியின் அறியாமைமேல் சுமத்திவிட்டு முதலாளியைத் தப்பவிடுகிறேன் என்று யாரும் எண்ணலாகாது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் அமீரகத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதை எழுத்தெண்ணிப் படித்தவர்களும் கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டியே வருகிறார்கள். வந்தபின் பாஸ்போர்ட்டைக் கேட்கப் பயப்படுகிறார்கள். கேட்டால் வேலை போகும் என்ற பயத்தை எந்த அரிச்சுவடியாலும் போக்க முடியாது. ஆனால் தாளைப் படித்தறியாதவனுக்குத் தான் ஏமாற்றப்பட்ட தொகை எவ்வளவு என்பதே தெரியாது. தெரியாத தொகையை எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

வளைகுடாவுக்கு ஏராளமானவர்களை அனுப்பும் புதுக்கோட்டை மாவட்டம் இவ்விஷயத்தில் ஒரு முன்மாதிரியையும் வைத்திருக்கிறது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கு நடந்த அறிவொளி இயக்கம் அ, ஆ கற்பித்ததோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. கல் குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களின் கைக்கு வந்தபோது, உடைத்த கல்லின் கணக்கை அவர்களே பார்க்க வேண்டியதாயிற்று. பிழைப்பு எங்கே நடக்கிறதோ அங்கே போய் நின்றது கல்வி. இப்போது அந்த மாவட்டத்தின் பிழைப்பில் ஒரு பங்கு துபாயிலும் ரியாத்திலும் நடக்கிறது. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே நாளில் முடிவது. டிக்கெட் கையில் வந்தபின் ஒரு நாள் உட்கார்ந்து கேட்பவன் மனம் எதில் இருக்கும்? விசிட் விசாவில் பறப்பவனோ அந்த வாசற்படியையே மிதிப்பதில்லை.

ஆகவே அந்தப் பயிற்சியைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பச் சொல்லி ஒரு வினா ஏற்கெனவே வருகிறது. நூலக உறுப்பினர் படிவம், வேலை விண்ணப்பம் என்று பிள்ளைகள் பெயரையும் முகவரியையும் நிரப்பி மதிப்பெண் பெறுகிறார்கள். ஒரு வருஷம் அந்த இடத்தில் ஒரு நியமனத் தாளை அச்சிட்டு, அடிப்படைச் சம்பளம் எது, படி எது, ஐந்து ஆண்டு முடிவில் பணிக்கொடை எவ்வளவு, கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு எவை என்று வினவினால் என்ன? பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம், நிபுணர் குழு அமைக்க வேண்டாம். வினாத்தாள் தயாரிப்போர் மாதிரிப் படிவம் தேடி அலையவும் வேண்டாம்; அமீரகத்து மனிதவள அமைச்சகம் அதைத் தமிழிலேயே ஆயத்தமாக வைத்திருக்கிறது.