செல்ஃப் எடுக்கலையா பாஸ்?

செமஸ்டர் லீவு. ஹாஸ்டல்ல இருந்து ஈரோட்டுக்கு வந்து சேர்ந்த முதல் ராத்திரி. மறுநாள் பதினோரு மணிக்கு முன்னாடி கண்ணைத் திறக்கறதில்லைன்னு சபதம் போட்டுத்தான் படுத்தேன். ஆனா விடியக்காலை 4.45-க்கே வாசல்ல ஒரே சத்தம். “ம்... தள்ளு... இன்னுங் கொஞ்சம்... தள்ளு!”

கண்ணைக் கசக்கிட்டு வெளியே வந்தா, அப்பா ஸ்டீயரிங்கைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கார். பின்னாடி எங்கம்மா, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, எங்க பழைய காரைத் தள்ளிட்டு இருக்காங்க! டிக்கியிலயும் பின் சீட்லயும் இட்லி மாவு டப்பா. விடியறதுக்குள்ள பன்னிரண்டு மளிகைக் கடைக்கு மாவு போட்டாகணும். அதுதான் எங்க வீட்டு வருமானம். என் காலேஜ் ஃபீஸும் அதுல இருந்துதான்.

நானும் ஓடிப்போய்த் தள்ளினேன். தெருமுனைச் சரிவுல வண்டி ஒரு குலுக்கு குலுக்கி உயிர் பிடிச்சுப் போயிடுச்சு. அம்மா திண்ணையில உட்கார்ந்து மூச்சு வாங்கினாங்க.

“எத்தனை நாளா இப்படிம்மா?”

“மூணு வாரமிருக்கும் கண்ணு. செல்ஃப் எடுக்கறதில்ல. உனக்கு ஃபீஸ் கட்டற நேரமாச்சே... அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு.”

அந்த ஃபீஸ் எதுக்குன்னு கேளுங்க... மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், மூணாம் வருஷம்! ‘டி.சி. சீரீஸ் மோட்டாரின் செயல்பாட்டைப் படத்துடன் விளக்குக’ங்கிற 13 மார்க் கேள்விக்கு இன்டர்னல்ல 11 வாங்கின அறிவாளி நான். அந்த மோட்டாரை நேர்ல பார்த்தா அடையாளம் தெரியுமான்னு கேட்டா... சைலன்ஸ்!

தூக்கம் போயே போச்சு. இந்த லீவுல முதல் வேலை இதுதான்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல குற்றவாளியைப் பிடி!

வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னதும் நாம பண்ற முதல் தப்பு, ஏதோ ஒண்ணை உடனே மாத்துறது. எங்கப்பாவும் அதைத்தான் பண்ணியிருந்தார். ஒரு கடையில “பேட்டரிதான் சார் போயிருக்கு”ன்னு சொல்ல, புது பேட்டரி வாங்கிப் போட்டார். நாலு நாள் கழிச்சுப் பழைய கதையேதான்.

காது கொடுத்துக் கேட்டாலே பாதி விஷயம் புரிஞ்சுடும் மக்களே. சாவியைத் திருப்பினா ‘டக டக டக டக’ன்னு வேகமா அடிக்குதா? பெரும்பாலும் பேட்டரி வீக், இல்லேன்னா டெர்மினல் லூஸ். ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அப்புறம் மௌனமா? செல்ஃப் மோட்டார் மேல சந்தேகப்படலாம். மோட்டார் ‘விர்ர்’னு சுத்துது, இன்ஜின் அசையலையா? மோட்டார்ல இருக்கற சின்னப் பல் சக்கரம் இன்ஜின் சக்கரத்தைப் பிடிக்கலைன்னு அர்த்தம். ஒரு சத்தமும் இல்லையா? சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், ஒயர் எல்லாத்தையும் வரிசையாப் பாக்கணும்.

எங்க வண்டி ஒரே ஒரு ‘டக்’ ரகம். டெர்மினல்ல பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணி ஊத்திப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சுட்டு இறுக்கினேன். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா 12.5 வோல்ட். பேட்டரி நல்லாத்தான் இருக்கு! அடுத்தது ஹெட்லைட் டெஸ்ட். லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிக்கணும். லைட் அப்படியே மங்கிச் செத்துப் போனா, சந்தேகம் பேட்டரி, டெர்மினல் பக்கம் போகும். எங்க லைட் துளிகூட மங்கலை. அப்படின்னா மோட்டார் கரண்ட்டே இழுக்கலை. ரெண்டு ஒயரும் நல்லா இருக்கான்னு மீட்டர்லயே பார்த்துட்டு, கடைசியா, அம்மாவை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு மோட்டார் உடம்புல ஸ்பானர் கைப்பிடியால மெதுவா ரெண்டு தட்டு தட்டினேன். ‘டிர்ர்ர்...’ வண்டி ஸ்டார்ட்!

தட்டினா ஓடுதுன்னா, உள்ள இருக்கற கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கலாம்னு அர்த்தம். இது வைத்தியம் இல்ல பாஸ், ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி. ஓங்கி அடிச்சா உள்ள இருக்கற காந்தம் உடைஞ்சுடும், ஜாக்கிரதை.

இந்த செல்ஃப் பொறந்த கதை

செல்ஃப் வர்றதுக்கு முன்னாடி வண்டி மூக்குல இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தணும். பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. சிரிப்பா இருக்கும். ஆனா இன்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கமா உதைக்கும். கம்பி திரும்பி வந்து மணிக்கட்டை உடைச்சுடும். இதுக்கு முடிவு கட்டினவர் சார்லஸ் கெட்டரிங்னு ஒரு அமெரிக்க இன்ஜினீயர். அவர் உருவாக்கின எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக் கார்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவர் வேலை பார்த்தது கடைக் கல்லாப்பெட்டி மெஷின் கம்பெனியில! கல்லாவைத் திறக்க சின்ன மோட்டார் ஒரு நொடி முக்கினாப் போதும். நாள் பூரா ஓட வேண்டியதில்ல. அதே ஐடியாதான் காருக்கும்.

அந்த ஒரு நொடி முக்கல் எவ்வளவு தெரியுமா? நம்ம வீட்டு ஃபேன் அரை ஆம்பியர்கூட இழுக்காது. ஒரு சின்ன பெட்ரோல் காரோட செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதனாலதான் அதுக்கு மட்டும் விரல் தண்டி ஒயர். அதனாலதான் செல்ஃபைத் தொடர்ந்து பத்து செகண்டுக்கு மேல அடிக்கக்கூடாது. அடிச்சா அரை நிமிஷமாவது ஆற விடணும். எங்கப்பா ‘எடுக்கற வரைக்கும் விடமாட்டேன்’ கட்சி. மோட்டார் ஏன் போச்சுன்னு இப்பப் புரியுதா?

கழட்டு... ஆனா எர்த் முதல்ல!

மாவு போட்டுட்டு அப்பா ஒன்பது மணிக்கு வந்தார். பக்கத்து வீட்டுல ஸ்பானர் செட் கடன் வாங்கி ரெடியா நின்னேன். பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டினதும், கியர் பாக்ஸ் ஓரமா செல்ஃப் மோட்டார் தரிசனம். ஒரு பெரிய உருளை, அதோட முதுகுல ஒரு குட்டி உருளை. குட்டிதான் சோலனாய்டு. சாவியைத் திருப்பினதும் பல் சக்கரத்தை முன்னாடி தள்ளுறதும், பெரிய கரண்ட்டைத் திறந்து விடுறதும் அதோட வேலை. நாம கேட்ட ‘டக்’ சத்தம் அதோடதுதான்.

ஆர்வக் கோளாறுல தடிமனான ஒயர் நட்டுல ஸ்பானரை வைக்கப் போனேன். அப்பா கையை ‘டப்’னு பிடிச்சார்.

“ஏன்டா, எர்த்தைக் கழட்டினியா?”

இல்ல! பேட்டரியோட மைனஸ் அப்படியே மாட்டியிருக்கு. அந்தத் தடி ஒயர் பேட்டரி பிளஸ்ல இருந்து நேரா வருது. எங்க வண்டியில நடுவுல ஃபியூஸே கிடையாது. காரோட உடம்பு மொத்தமும் மைனஸ். ஸ்பானர் ஒரு முனையில நட்டையும் இன்னொரு முனையில இன்ஜினையும் தொட்டிருந்தா, சில நூறு ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியாப் பாய்ஞ்சிருக்கும். 12 வோல்ட்ல ஷாக் அடிக்காது. ஆனா ஸ்பானர் பழுக்கும், ஒயர் எரியும், பேட்டரி வெடிக்கக்கூட செய்யும். பன்னிரண்டாவது மட்டும் படிச்ச எங்கப்பாவுக்கு இது தெரியுது. சர்க்யூட்டைப் படமா வரைஞ்சு மார்க் வாங்கின எனக்கு அந்த நேரத்துல தோணவே இல்ல.

மைனஸைக் கழட்டி, துணி சுத்தி ஓரமா வெச்சேன். விரல் மோதிரத்தையும் வாட்ச்சையும் அப்பாவே கழட்டி வாங்கிக்கிட்டார். அப்புறம் தடி ஒயர் நட்டு, ஒல்லி ஒயர் சாக்கெட், மோட்டாரைப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட். ரெண்டாவது போல்ட் வரமாட்டேன்னு அடம். துரு எடுக்கற ஆயிலை அடிச்சு, அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு வந்து திருப்பினா வந்துடுச்சு. கடைசி போல்ட் கழலும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கியே இருக்கணும். மூணு நாலு கிலோ வெயிட். விட்டா காலுதான்!

பட்டறையில ஒரு பாடம்

மோட்டாரை ஒரு பையில போட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பட்டறைக்குக் கொண்டு போனேன். அண்ணன் வைஸ்ல பிடிச்சு கரண்ட் குடுத்துப் பார்த்தார். பல் சக்கரம் ‘டக்’னு வெளிய வந்துச்சு, ஆனா சுத்தலை. பிரிச்சுக் காட்டினார். கார்பன் பிரஷ் நாலும் சுண்டு விரல் நகம் அளவுக்குத் தேய்ஞ்சு கிடக்கு.

“பிரஷ் மட்டும் மாத்தினாப் போதுமாண்ணா?”

“பிரஷ் மட்டும்னா காசு கம்மி தம்பி. ஆனா இங்க பாரு...” ஆர்மெச்சூரைத் திருப்பினார். செம்புப் பட்டையில ஒரு இடம் கறுகிப் போய் பள்ளம் விழுந்திருந்துச்சு. “இது மேல புது பிரஷ் போட்டா மூணு மாசத்துல அரிச்சுத் தின்னுடும். வீட்ல யாரோ விடாம செல்ஃப் அடிச்சிருக்காங்க.”

யாருன்னு நான் சொல்லலை.

புது மோட்டார் என் பட்ஜெட்டுல இல்ல. ரிப்பேர் பண்ணி டெஸ்ட் பண்ணின மோட்டார் 2,200 ரூபாய்; பழசைக் குடுத்தா 400 கழிவு. ஃப்ரெண்ட்ஸோட ஊட்டி டூருக்கு சேர்த்து வெச்சிருந்த காசு 2,000. ஊட்டி எங்கயும் போயிடாது! பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, உருளை நீளம் எல்லாம் ஒண்ணான்னு பார்த்து, மறுபடி கரண்ட் குடுத்துச் சுத்தவிட்டு, ஆறு மாச கேரண்டியை பில்லுல எழுதி வாங்கிட்டுத்தான் கிளம்பினேன்.

மாட்டியாச்சு... திரும்பவும் மௌனம்!

மாட்டறது கழட்டினதுக்கு அப்படியே தலைகீழ். மோட்டார் உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டுச் சுத்தம் பண்ணினோம். ஏன்னா மோட்டாருக்கு எர்த் அந்த உடம்பு வழியாத்தான் கிடைக்குது. செம்பு போல்ட்ல தடி ஒயரை இறுக்கறப்போ பலத்தைக் காட்டக்கூடாது, மரை போயிடும். எல்லாம் முடிஞ்சு, கடைசியா பேட்டரி மைனஸ்.

நியூட்ரல். ஹேண்ட் பிரேக். அப்பா சாவியைத் திருப்பினார்.

ஒண்ணுமே இல்ல. ஒரு ‘டக்’கூட இல்ல!

வயித்துல புளியைக் கரைச்சுது. 1,800 ரூபாய் போச்சா? அப்பா ஒரு வார்த்தை பேசலை. டார்ச்சை மட்டும் என் கையில குடுத்தார். குனிஞ்சு பார்த்தா... ஒல்லி ஒயர் காத்துல தொங்கிட்டு இருக்கு. சோலனாய்டுக்குத் தகவல் சொல்ற ஒயரையே மாட்டலை! சொருகினேன்.

‘டிர்ர்... வ்ரூம்!’

அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க. அப்பா ஆஃப் பண்ணிட்டு மறுபடி அடிச்சார். மறுபடி ஆஃப். மறுபடி அடிச்சார். “அப்பா, போதும்... பத்து செகண்ட்!”னு கத்தினேன். சிரிச்சுட்டார்.

களத்துல இறங்கறதுக்கு முன்னாடி...

* மைனஸை முதல்ல கழட்டு, கடைசியா மாட்டு. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.
* கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுங்க. நான் எடுக்காததுக்குத்தான் அந்த மௌனம்!
* சில கார்கள்ல செல்ஃபைக் கீழ இருந்துதான் எடுக்க முடியும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழ படுக்கவே படுக்காதீங்க. ஸ்டாண்டு வேணும், சக்கரத்துக்குக் கல்லு வேணும். ரெண்டும் இல்லையா, பட்டறைக்கு விடுங்க.
* இன்ஜின் சூடா இருக்கும்போது கை வைக்காதீங்க.
* வாரண்டி இருக்கற வண்டி, சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஸ்டார்ட் ஆகற வண்டி, பட்டன் ஸ்டார்ட் வண்டி... இதுல எல்லாம் பரிசோதனை வேணாம். எலெக்ட்ரிக் கார்ல செல்ஃப் மோட்டாரே கிடையாது. அதுல இருக்கற ஹை வோல்டேஜ் உயிரையே எடுத்துடும்.
* தள்ளு ஸ்டார்ட் மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான். இன்ஜின் ஓடாதப்போ பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பவர் ஸ்டீயரிங் திருப்பக் கஷ்டமா இருக்கும். சரிவுல கவனம்.

மறுநாள் காலை 4.45. பழக்க தோஷத்துல முழிப்பு வந்துடுச்சு. ‘தள்ளு’ சத்தத்துக்குக் காத்திருந்தேன். ‘டிர்ர்’னு ஒரே ஒரு நொடி. வண்டி கிளம்பிப் போற சத்தம். கேட்டை மூடிட்டு அம்மா உள்ள வந்து, போர்வையை என் கால் வரைக்கும் இழுத்து விட்டுட்டுப் போனாங்க. தூங்கற மாதிரியே நடிச்சேன்.

ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட். அடுத்த தடவை ஊருக்குப் போனா, ஒருநாள் மட்டும் வீட்ல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி எந்திரிங்க. வீட்ல எதை யாரு தள்ளிட்டு இருக்காங்கன்னு தெரியும்.

அடுத்த வாரம்: மிக்ஸி சுத்தலையா? தூக்கிப் போடாதீங்க!