ஏப்பத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

மாடு விடும் ஏப்பத்தைப் பற்றி உலக மகாநாடுகளில் பேசுகிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கும் விஷயமல்ல. மாட்டின் இரைப்பையில் தீனி புளிக்கும்போது, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் வாய் வழியாகவே வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்குவது இது. ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் பெரும்பகுதி கலைந்தும் போய்விடும். இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் காணலாம்.

ஆகையால் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் வழக்கெல்லாம், "மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, இனிக் கவலை விட்டது!" என்று கைதட்டுகிறவர்களோடுதான்.

அந்த மருந்து அஸ்பராகாப்ஸிஸ் என்ற செம்பாசி. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் தானாகவே வளர்வது. அதிலுள்ள புரோமோபார்ம் என்னும் பொருள், மேற்படி நுண்ணுயிர்களின் காரியத்தைக் கடைசிப் படியில் கெடுத்துவிடுகிறது. 2020-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில், ஆயிரத்துக்கு இரண்டு பங்கு தீனியில் கலந்ததற்கே மீதேன் 98 சதவிகிதம் வரை இறங்கியது. மறு வருஷம் கலிபோர்னியாவில், டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் 147 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 80 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியது.

விளம்பரக்காரர்களுக்கு இது போதாதா! 2023-ல் வெளிவந்த இன்னொரு கணக்கை மட்டும் அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் வாக்யு என்ற உயர்ந்த ஜாதி மாடுகளுக்கு 300 நாள் இந்தப் பாசியைக் கொடுத்தார்கள். மீதேன் 28 சதவிகிதம்தான் குறைந்தது. மாடுகள் தீனியும் குறைவாகத் தின்றன; விற்பனை எடைக்கு வர 35 நாள் கூடுதலாகப் பிடித்தது. மீதேனாக வீணாகும் சக்தி சதையாக மாறும், பண்ணைக்காரருக்கு லாபம் என்றார்களே, அந்த லாபம் எங்கே? அந்த 35 நாள் செலவு யார் தலையில்?

பெருவாரியாகப் பயிர் செய்தால் பாசியின் விலை இறங்கும் என்கிறார்கள். இறங்கட்டும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ உலர்தீனி தின்னும் மாட்டுக்கு, ஆயிரத்துக்கு ஐந்து பங்கு வீதம் 50 கிராம். ஒரு கோடி மாட்டுக்கு ஆண்டுக்கு 1,80,000 டன்னுக்கு மேல் உலர்ந்த பாசி வேண்டும்! இதற்கோ வாழ்க்கையில் இரண்டு உருவம்: பஞ்சுருண்டை போல ஒன்று, செடி போல மற்றொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. உலர்த்துவதில் பிசகினால் புரோமோபார்ம் ஆவியாகிவிடும். பிறகு மாடு தின்பது வெறும் சருகு.

"நம் மண்டபம் கரையில்தான் பாசி வளர்க்கிறார்களே?" என்று நேயர்கள் கேட்கலாம். அங்கே மூங்கில் தெப்பங்களில் வளர்வது கப்பாபைகஸ் என்ற வேறு ஜாதி. ஒரு குளிர்பானக் கம்பெனி ஒப்பந்தம் பேசி வளர்ப்பித்ததால் ஊரார் அதற்கு வைத்த பெயர் 'பெப்சி பாசி'. உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்கும் சரக்கு அதிலிருந்து கிடைக்கிறது. ஏப்பத்தை நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. வெளியிலிருந்து வந்த அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். கடலில் 'பெருவாரி' என்று பேசுகிறவர்கள் இதையும் செலவுக் கணக்கில் எழுதட்டும்.

தவிர, பாசியை நாள்தோறும் அளந்து கொடுக்க வேண்டும். பட்டியில் அடைத்துக் கொழுக்க வைக்கும் பெரும் பண்ணையில் அது நடக்கும். மேய்ச்சல் மாடுகளுக்கும் உருண்டையாகப் போட்டு, கலிபோர்னியாக்காரர்கள் 2024-ல் 40 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவான பலன் கண்டார்கள். நல்லதுதான். ஆனால் 2019 கணக்குப்படி இந்தியாவிலுள்ள பசுவும் எருமையும் 30 கோடி. இரண்டு மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் ஒருத்தியிடம் போய், "அம்மா, உலக நன்மைக்காக இந்த உருண்டையை வாங்கிப் போடு" என்று சொல்ல எந்த நியாயமும் இடம் கொடுக்காது.

வாக்யு மாமிசத்தை வாங்கிச் சாப்பிடுகிறவர் தட்டுக்குச் சில காசு கூடக் கொடுத்தால் முழுகிப் போய்விடமாட்டார். அவரிடம் வாங்குங்கள் என்கிறேன். டென்மார்க் சர்க்கார் 2030 முதல் கால்நடை மீதேனுக்கு வரி என்று 2024-ல் தீர்மானித்தது. அதே வருஷம் நியூஸிலாந்து சர்க்கார் விவசாயத்தைத் தன் கரியமில வாயுக் கட்டணத் திட்டத்தில் சேர்க்காமல் விலக்கி வைத்தது. பாசி வளர்க்கும் முதலாளிகள் மானியத்துக்கு மனுப் போடுவதை விட்டுவிட்டு, டென்மார்க்கைப் போல் வரி போடு என்று தங்கள் சர்க்காரிடம் கேட்கட்டும். பாசி தானாக வளரும் ஆஸ்திரேலியாவில் அப்படியொரு வரி இன்னும் வரவில்லை.