வேர் தோண்டியவருக்கு என்ன பங்கு?

கொற்கை என்றதும் எல்லோரும் முத்தைப் பற்றிப் பேசுவார்கள். பாண்டியன் துறைமுகம், ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் தொங்கிய முத்துமாலை என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கடலில் மூழ்கி அந்த முத்தை எடுத்தவர்கள் யார்? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு மாலுமி கிரேக்க மொழியில் எழுதிவைத்த பயணக் குறிப்பு அதைச் சொல்கிறது: தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிப்பு நடந்தது.

கடல் பின்வாங்கிவிட்டது. இன்று கொற்கை, கடலிலிருந்து சில மைல் உள்ளே, தாமிரபரணிப் பாசன வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆனால் உழைப்பு ஓரிடம், லாபம் வேறிடம் என்ற அந்தப் பழைய கணக்கு பின்வாங்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் செம்மண் மேட்டு நிலங்களில் மானாவாரியாக விளையும் நித்தியகல்யாணியே அதற்குச் சாட்சி.

சுடுகாட்டு மல்லி என்றால் உடனே தெரியும். வெயிலுக்கு வாடாது, ஆடு கடிக்காது. கவனிப்பார் இல்லாத இடத்திலும் பூத்துக் கிடக்கும்.

ஆடு ஏன் கடிப்பதில்லை? செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் புழு பூச்சிகளுக்கு எதிராக அது தனக்குள்ளேயே நஞ்சைச் சமைத்து வைத்துக்கொள்கிறது. இந்த நஞ்சுகளில் ஒரு பெரிய வகையை ஆல்கலாய்டு என்கிறார்கள். புகையிலையில் உள்ள நிக்கோட்டின், சிங்கோனாப் பட்டையில் உள்ள கொயினா, கண்வலிக்கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் எல்லாம் இந்தக் குடும்பமே. நித்தியகல்யாணியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. இலையின் மேலுள்ள மெழுகில் காத்தரந்தின் என்ற ஒன்று. இலைக்குள்ளே விண்டோலின் என்ற இன்னொன்று. இரண்டும் சேர்ந்து உண்டாவது வின்பிளாஸ்டின். அதற்கு நெருங்கிய உறவு வின்கிரிஸ்டின். ஒரு செல் இரண்டாகப் பிரிய நுண்ணிய இழைகள் வேண்டும். இவை அந்த இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. கட்டுக்கடங்காமல் பிரிவதே புற்றுநோய் செல்லின் தொழிலாதலால், அடி அதன் மேல் விழுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது எந்தக் கம்பெனியும் அல்ல. ஜமைக்கா நாட்டு ஏழை ஜனங்கள் நீரிழிவுக்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். 1952-இல் சில இலைகள் அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் போயின. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற விஞ்ஞானிகள் அவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. 1963-இல் வின்கிரிஸ்டின் அங்கே விற்பனைக்கு வந்தது. முன்பு ரத்தப்புற்று கண்ட குழந்தை பிழைப்பதே அபூர்வம். இன்று பணக்கார நாடுகளில், குழந்தைகளைத் தாக்கும் முக்கியமான ரத்தப்புற்று வகையில், பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டுச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்து. இந்த விஞ்ஞானத்தை நாம் தலைவணங்கி வரவேற்கிறோம். ஆனால் செடியின் தாய்நாடான மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது? ஜமைக்கா ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? நம் செம்மண் காட்டில் வேர் தோண்டுகிற பெண்ணுக்கு?

விதைத்த ஆறாம் மாதம் இலை பறிப்பு, ஒன்பதாம் மாதம் மறுபறிப்பு, ஓராண்டு முடிந்ததும் வேர் தோண்டுதல். ரத்த ஓட்டத்துக்கான மருந்தாகும் அஜ்மலிசின் வேரில்தான் அதிகம். அதற்காகவே வேர் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. உலர்த்தி மூட்டை கட்டிய பின் விலையைச் சொல்கிறவர் வாங்குகிறவரே. எடைக்குத்தான் காசு. உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கும் கருவி விவசாயியிடம் இல்லை. மத்திய சர்க்கார் ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்ப் பட்டியலில் நித்தியகல்யாணி இல்லை. போதாக்குறைக்கு, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் கொடுத்த சிறு பிடியும் தளர்ந்துவிட்டது. 2023-இல் வந்த திருத்தம், பயிரிட்ட மூலிகையை வாங்கும் உள்நாட்டுக் கம்பெனிகளைப் பயன்பகிர்வுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது.

பங்கு கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். தாமிரபரணி பிறக்கும் அதே பொதிகை மலைத்தொடரின் கேரளப் பக்கத்தில், காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 1990-களில் ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. லைசென்ஸ் பணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களின் டிரஸ்டுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. ஆனாலும் செய்ய முடியும் என்று காட்டியது.

பூச்சிமருந்திலும் இதே கதைதான். அரைக்கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, சோப்பும் ஆறேழு பங்கு தண்ணீரும் சேர்த்து அசுவினிக்குத் தெளித்தது நமது விவசாயி. அந்த நிக்கோட்டினின் வேலையைப் பின்பற்றி ஆலையில் செய்த மருந்துகள் 1990-களில் புட்டியில் வந்தன. இடையில் வந்த கொடிய ரசாயனங்களின் விலையைச் சொல்லவே வேண்டாம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கு மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டார்கள். நமது பஞ்சாலைத் தோழர்கள் நூற்பது அத்தகைய பருத்தியைத்தான்.

அதற்காக ‘இயற்கை’ என்று எழுதியதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஈரப் புகையிலை பறிக்கிறவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது அதனால்தான். புகையிலைக் கஷாயம் தெளித்தாலும் கையுறை வேண்டும், முகத்துணி வேண்டும், காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது. இன்னொன்று: சர்க்கரைக்கும் புற்றுக்கும் நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தோழர்களே, வேண்டாம்! டாக்டர் அளந்து ரத்தக்குழாயில் ஏற்றும் வின்கிரிஸ்டினே அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும். அடுப்பில் காய்ச்சிய தண்ணீரில் எது எவ்வளவு என்று யார் கண்டது?

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம். 1983 முதல் இயங்கும் டாம்ப்கால் மூலிகைக் கழகம் நம் மாவட்டங்களில் கொள்முதல் நிலையம் திறந்து, இலைக்கும் வேருக்கும் விலையை முன்கூட்டி அறிவிக்கட்டும். சரக்கில் உள்ள ஆல்கலாய்டு அளவை அங்கேயே சோதித்து, முடிவை விவசாயி கையில் கொடுக்கட்டும். வேர் தோண்டும் பெண்களுக்குச் சட்டக் கூலியும், தூள் பறக்கும் களத்தில் முகமூடியும் கையுறையும் கிடைக்கட்டும். வின்கிரிஸ்டின் மாவட்ட ஆஸ்பத்திரியிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் எந்நாளும் இலவசமாக இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு விதைப்பு தொடங்கும். விலை அதற்கு முன்னால் வர வேண்டும்.