பேய் பாடிய தாலாட்டு

சகோதரிகளே, ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு நம் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய், மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தை முந்தானையில் பிடித்தவர்கள் உங்களில் உண்டு. ஆனால், காரைக்கால் அம்மையாரின் பாட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் என்று பெயர். சுடுகாட்டில் பேய்கள் நடுவே சிவபெருமான் ஆடுகிறார். சுமார் 1,500 ஆண்டுப் பழைய பாட்டு. இன்றும் உடம்பு சிலிர்க்கும். போன வருஷம் என் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

"மனப்பாடம் பண்ணுங்க" என்றால் கொட்டாவிதான் வரும். ஆகவே ஜன்னல்களைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்லி, நிதானமாகப் படித்தேன். கேட்கும் ஓசைகளையெல்லாம் எழுதச் சொன்னேன். வாகை நெற்றின் சலசலப்பு, கூகையின் குரல், மத்தளம் என்று பட்டியல் நீண்டது.

அடுத்து, முதல் பாட்டில் வரும் பெண் பேயை வரையச் சொன்னேன். ஒட்டிய வயிறு, புடைத்த நரம்பு, செம்பட்டை மயிர்... பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏய், உன்னைப் பத்திதான்டீ பாட்டு!" வகுப்பே சிரித்தது. ஒல்லியான ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். 'பேய்' என்பது அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயராம்!

நான் யாரையும் திட்டவில்லை. கடைசிப் பாட்டைப் பார்க்கச் சொன்னேன். அங்கே அம்மையார் தம்மையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொள்கிறார். அழகு வேண்டாம் என்று அவரே கேட்டு வாங்கிய உருவமல்லவா அது! வகுப்பு அமைதியானது.

அதே பதிகத்தில் ஒரு தாய்ப் பேய் வருகிறது. குழந்தைக்குக் காளி என்று பேர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறது. அம்மா வரக் காணாமல் குழந்தை அழுது அழுது தூங்கிவிடுகிறது. "அந்தக் குழந்தைக்கு ஒரு தாலாட்டு எழுதுங்க" என்றேன்.

அந்த ஒல்லிப் பெண் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கீழே 'புதுச்சேரிப் பேய்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பட்டப்பெயர் அன்றே ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், பிறகு அவள் தலை குனிந்து நான் பார்க்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் மெலிந்திருந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். "எலும்பும் தோலுமா பேய் மாதிரி இருக்கியே" என்று மட்டும் சொல்லாதீர்கள். கரண்ட் போன ராத்திரியில் இந்தப் பாட்டைச் சேர்ந்து படியுங்கள்.